பிளாஸ்டிக் மாடுலர் பெல்ட்டா? இறுக்காதீர்கள், தொங்க விடுங்கள்

மலேசியாவின் நிபோங் தெபால் வட்டாரத்தில் ஃபிட்டர் வேலைக்கு வருகிறவர்களில் பலர் செம்பனை ஆலையிலோ ரப்பர் ஆலையிலோ கை பழகியவர்கள். அங்கே கன்வேயருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: பெல்ட் தொளதொளவென்று இருக்கிறதா, பின்னால் போய் போல்ட்டை இரண்டு சுற்று இறுக்கு. நானும் அப்படி வளர்ந்தவன்தான். என் மாமா தோட்டத்து ஆலையில் ரப்பர் பெல்ட்டோடு மல்லுக்கட்டியே ஆயுளைக் கழித்தவர், அவர் கையைப் பார்த்துத்தான் தொழில் கற்றேன். அந்தக் கையோடு போய் என் முதல் மாடுலர் பெல்ட்டை, ரொட்டி சானாய் செய்து உறைய வைத்து விற்கும் ஒரு ஃபேக்டரியில், வீணைத் தந்தி மாதிரி முறுக்கி வைத்துவிட்டு, பிரமாதமாகச் செய்துவிட்டோம் என்று இந்திய முஸ்லிம் 'மாமாக்' உணவுக்கடைக்குத் தே தாரேக் என்கிற ஆற்றிய பால் தேநீர் குடிக்கப் போனேன்.

மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. இரண்டு பக்கப் பேரிங்கும் கத்த ஆரம்பித்தன. ஷாஃப்ட் நடுவில் லேசாக வளைந்திருந்தது. பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் மூட்டுகளைச் சேர்க்கும் பின் (நீளக் குச்சி) கோர்க்கும் துளைகளில் வட்டமாக ஒன்றும் மிஞ்சவில்லை, எல்லாம் முட்டை வடிவம். பெல்ட் விற்றவர்கள் அனுப்பிய ஆள் பினாங்கிலிருந்து வந்தார், கீழே குனிந்து ஒரு பார்வை பார்த்தார், கேட்டது ஒரே கேள்வி: "ஏண்ணே, இது தொங்கவே இல்லையே?"

அதுதான் விஷயம். ரப்பர் பெல்ட்டை ஓட்டுவது உராய்வு, டிரம்மை இறுகப் பிடித்தால்தான் நகரும். மாடுலர் பெல்ட்டை ஓட்டுவது பல். சைக்கிள் செயினை ஒரு மீட்டர் அகலத்துக்குப் பிளாஸ்டிக்கில் செய்தால் எப்படி இருக்குமோ அப்படி. பல் மாட்டிக்கொண்டு இழுப்பதால் இறுக்கத்துக்கு வேலையே இல்லை, இறுக்கினால் கெடுதல்தான். இதை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டால் கீழே எழுதியிருப்பதில் பாதியை நீங்களே யோசித்துக் கண்டுபிடித்துவிடலாம்.

வாங்குவதற்கு முன்னால்

சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டுகளைச் செங்கல் சுவர் எழுப்புகிற மாதிரி, ஒரு வரிசையின் மூட்டு அடுத்த வரிசையின் நடுவில் விழும்படி அடுக்கி, வரிசைக்கு வரிசை ஒரு நீளமான பின்னைக் கோர்த்தால் அதுதான் மாடுலர் பெல்ட். இது பிறந்தது இறால் தொழிலில். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் இறால் உரிக்கும் இயந்திரம் செய்துகொண்டிருந்தவர்கள், இரும்புப் பெல்ட் துருப்பிடித்துத் தொல்லை கொடுக்கிறதே என்று பிளாஸ்டிக்கில் செய்து பார்த்தார்கள், 1971இல் அதற்கென்றே இண்ட்ராலாக்ஸ் என்ற கம்பெனியும் வந்தது. ஈரம், உப்பு, தினமும் கழுவுவது என்று இருக்கும் இடங்களில் இது ஏன் இவ்வளவு பரவியது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. நம் பக்கம் மீன் உருண்டை, கோழி, ரொட்டி, பிஸ்கட், தண்ணீர் பாட்டில் என்று எங்கே பார்த்தாலும் இதுதான் ஓடுகிறது.

பிளாஸ்டிக் என்றால் ஒரே பிளாஸ்டிக் இல்லை. மூன்றைத் தெரிந்து வைத்திருந்தால் போதும். பாலிபுரோப்பிலீன் சாதாரண வேலைக்கும் சூட்டுக்கும் நல்லது, 100 டிகிரி வரை தாங்கும், விலையும் குறைவு, ஆனால் குளிரில் அது பிஸ்கட். பாலிஎத்திலீன் குளிருக்கு ராஜா, உறைநிலைக்கு வெகு கீழே போனாலும் அடி தாங்கும், ஆனால் சூடு 65 டிகிரியைத் தாண்டினால் துவண்டு போகும், பாரமும் அதிகம் இழுக்காது. அசெட்டல் மூன்றிலும் பலசாலி, வழுவழுப்பு, பாட்டில் லைனுக்கும் கனமான சாமானுக்கும் ஏற்றது, குளிரையும் தாங்கும். அதன் எதிரி அமிலமும் குளோரினும்.

கையில் இருக்கும் துண்டு என்னவென்று தெரியவில்லையா, ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் முதல் இரண்டில் ஒன்று, கல் மாதிரி மூழ்கினால் அசெட்டலாக இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளைப் பெல்ட்டெல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து, ஃப்ரீசரிலிருந்து வெளியே வரும் லைனில் மலிவான பாலிபுரோப்பிலீனைப் போட்ட இடத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒருநாள் தட்டு ஒன்று நழுவி மேலே விழுந்தது, அவ்வளவுதான், நான்கு வரிசை அப்பளம் நொறுங்குகிற மாதிரி நொறுங்கியது. வெள்ளைத் துண்டு வெள்ளை மாவில் விழுந்தால் தேடிக் கண்டுபிடிப்பது யார்? அதனால்தான் உணவு ஃபேக்டரிகளில் நீலப் பெல்ட் கேட்கிறார்கள், நீல நிறத்தில் சாப்பாடு அபூர்வம்.

கை வைப்பதற்கு முன்னால்

சிவப்புக் குமிழை அமுக்கினால் மெஷின் நிற்கும், ஆனால் அது கரண்டைத் துண்டிப்பது ஆகாது. மெயின் ஐசோலேட்டரை இறக்கிப் பூட்டுப் போடுங்கள், சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும், இன்னொருவரிடம் கொடுத்து வைக்க வேண்டாம். அட்டையில் பெயரும் நேரமும் எழுதி, கூடவே மலாயில் "ஜாங்கான் ஹிடுப்கான்" (இயக்காதே) என்றும் எழுதித் தொங்கவிடுங்கள், லைனில் நிற்கும் நேப்பாளத் தம்பிக்கும் வங்காளதேசத் தம்பிக்கும் தமிழ் தெரியாது. பூட்டியதும் ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கை விட வேண்டும். பழைய 1967ஆம் ஆண்டு தொழிற்சாலை இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1ஆம் தேதி நீக்கப்பட்டுவிட்டது, இப்போது 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம்தான். சின்ன ஃபேக்டரிதானே, நம்மை யார் கேட்பார்கள் என்ற பேச்சு இனி எடுபடாது.

ஏற்றத்தில் ஓடும் பெல்ட்டாக இருந்தால் இன்னொரு கண்டம் உண்டு. பின்னை உருவின மறு நொடி இரண்டு பக்கமும் சறுக்கிக்கொண்டு ஓடும், அதன் எடை உங்கள் விரலை லட்சியம் செய்யாது. உருவுவதற்கு முன் பிரிக்கப்போகும் இடத்துக்கு மேலும் கீழும் பெல்ட்டைக் கன்வேயரின் இரும்புச் சட்டத்தோடு கட்டிவிடுங்கள், லோரியில் சாமான் கட்டுகிற நாடா இருந்தால் போதும்.

சட்டமும் ஷாஃப்ட்டும்

இரும்புச் சட்டம் கோணலாக இருந்தால் எந்தப் பெல்ட்டும் நேராக ஓடாது. நாலு மூலைக்கும் குறுக்களவு எடுங்கள், இரண்டு குறுக்களவும் சமமாக வர வேண்டும். மட்டத்துக்கு கொத்தனார் தண்ணீர் டியூப் போதும், லேசர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. இரண்டு ஷாஃப்ட்டும் ஒன்றுக்கொன்று இணையாகவும், பெல்ட் ஓடும் திசைக்குச் செங்குத்தாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கினால் டிரம்மைச் சாய்த்துச் சாய்த்துத் திருப்புவோமே, அந்த வித்தை இங்கே செல்லாது.

மோட்டார் இருக்க வேண்டியது சாமான் பெல்ட்டை விட்டு இறங்கும் முனையில். மாடு வண்டியை முன்னால் நின்று இழுக்கிறது, பின்னால் நின்று தள்ளுவதில்லை. பெல்ட்டும் அப்படித்தான், பாரம் ஏறின பக்கத்தைத் தள்ளினால் மூட்டுக்கு மூட்டு மடங்கிக்கொண்டு எழும்பும்.

ஷாஃப்ட் பெரும்பாலும் சதுரமாக வரும். அதில் ஸ்ப்ராக்கெட்டுகளை, அதாவது பல் சக்கரங்களை, கோர்க்கும்போது இரண்டு விஷயம். முதலாவது, நடுவில் இருக்கும் ஒரே ஒரு ஸ்ப்ராக்கெட்டை மட்டும் இரு பக்கமும் பூட்டு வளையம் போட்டு நிறுத்துங்கள், மற்றதெல்லாம் ஷாஃப்ட் மேல் இடம் வலம் நகர வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இது தாங்காது, எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டிவிட்டுத்தான் நிம்மதியாகத் தூங்குவார்கள். ஆனால் பிளாஸ்டிக் சூட்டில் விரியும். 800 மில்லிமீட்டர் அகலப் பெல்ட்டை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரி சுடுதண்ணீரில் கழுவினால் அகலத்திலேயே மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கூடிவிடும். பெல்ட் விரியும்போது ஸ்ப்ராக்கெட்டும் அதோடு நகர்ந்தால் வம்பில்லை, பூட்டி வைத்திருந்தால் பல் ஓரத்தில் ஏறி உரசும். நடுவில் பூட்டிய ஒன்றுதான் பெல்ட்டை நேராகப் பிடித்து வைக்கிறது. பின்பக்க ஷாஃப்ட்டிலும் அதே நேர்கோட்டில் ஒன்றைப் பூட்டுங்கள். பெல்ட்டின் ஓரத்துக்கும் சட்டத்துக்கும் பக்கத்துக்கு ஆறு மில்லிமீட்டராவது இடைவெளி விடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

இரண்டாவது, பல் எல்லாம் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். பல்லின் எண்ணிக்கை நாலால் மீதியின்றி வகுபட்டால் சதுர ஷாஃப்ட்டில் எப்படிப் போட்டாலும் பல் நேருக்கு நேர் வந்துவிடும். 10, 18 என்று வந்தால் அப்படி இல்லை, ஸ்ப்ராக்கெட்டின் முகத்தில் இருக்கும் குறியை எல்லாவற்றிலும் ஒரே பக்கம் பார்க்க வைத்துக் கோர்க்க வேண்டும். ஒன்று மாறிப்போனாலும் பெல்ட் அந்த இடத்தில் மேடு தட்டி ஓடும், நீங்கள் ஒரு நாள் முழுக்கப் பேரிங்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். ஸ்ப்ராக்கெட்டுக்கு ஸ்ப்ராக்கெட் 150 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளிப் போடாமல் இருந்தால் நல்லது.

பெல்ட் சறுக்கிப் போகும் வெள்ளை வேர் ஸ்ட்ரிப்பையும் (தேய்மானப் பட்டை) அலட்சியப்படுத்தாதீர்கள். அதுவும் பிளாஸ்டிக்தான், அதுவும் விரியும். மூன்று மீட்டர் துண்டு ஒன்று 30 டிகிரி சூடு கூடினால் கிட்டத்தட்ட 15 மில்லிமீட்டர் நீளும். இரண்டு முனையிலும் போல்ட் போட்டால் போக இடமில்லாமல் நடுவில் ஒட்டக முதுகு மாதிரி எழும்பி, பெல்ட் அதில் மாட்டிக் கிழியும். பெல்ட் வந்து ஏறும் முனையில் மட்டும் போல்ட், மற்ற துளைகளை நீளவாக்கில் அறுத்து விடுங்கள், இரண்டு துண்டு சேரும் இடத்தில் நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டி இடைவெளி விடுங்கள், முனைகளின் விளிம்பை அரத்தால் சீவிவிடுங்கள். நேர்கோடாகப் போடுவதைவிட மீன்முள் வடிவில் சாய்த்துப் போட்டால் பெல்ட்டின் அடிப்பாகம் ஒரே தடத்தில் தேயாமல் பரவலாகத் தேயும். மாவு, உப்பு, மணல் இருக்கும் இடமென்றால் நான் மீன்முள்ளுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

பெல்ட்டைக் கோர்ப்பது

இதற்கு ஆள் இரண்டு பேர், பெல்ட் அகலமாக இருந்தால் மூன்று. பெல்ட் சுருளாக வரும். முதலில் மேல் எது கீழ் எது, ஓட வேண்டிய திசை எது என்று பாருங்கள், சில வகைக்கு அம்புக்குறி இருக்கும். கீழ்ப்பக்கம் வழியாக இழுத்துக்கொண்டு போய், பின்பக்க ஷாஃப்ட்டைச் சுற்றி, மேலே கொண்டுவந்து, இரண்டு முனையையும் மோட்டார் பக்க ஸ்ப்ராக்கெட்டின் மேல் சந்திக்க வையுங்கள். அங்கே பல் பிடித்துக்கொள்ளும், கை வலிக்காது. நாடா போட்டு லேசாக இழுத்து மூட்டுகளை ஒன்றுக்குள் ஒன்று நுழைத்தால் ஓட்டைகள் நேராகும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரத்திலிருந்து பார்த்தால் மறுபக்க வெளிச்சம் தெரியும். அப்போது பின்னை விடுங்கள். திருகிக்கொண்டே தள்ள வேண்டும், சுத்தியலால் அடிக்கக் கூடாது. நடுவில் போய் நின்றால் ஏதோ ஒரு மூட்டு விலகியிருக்கிறது என்று அர்த்தம், எந்த மூட்டு என்று விரலால் தடவிப் பாருங்கள், அதை அமுக்கினால் பின் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

கடைசியில் பின் வெளியே வராமல் இருக்க ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு முறை, சிலதில் பின்னுக்குத் தலை இருக்கும், 'டக்' என்று உள்ளே விழுந்து உட்காரும், சிலதில் ஓரத்தில் சின்னக் கதவு மாதிரி ஒன்றைத் தள்ளிப் பூட்ட வேண்டும். எந்த முறையாக இருந்தாலும் பூட்டிய பிறகு ஓரத்தை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் பின் நீட்டிக்கொண்டிருந்தாலும் அது போகப் போக வெளியே வந்து சட்டத்தில் மாட்டும்.

நீளம் கூடினால் வரிசையைக் கழற்றலாம், ஆனால் இரண்டு இரண்டாகத்தான். செங்கல் அடுக்கு என்று சொன்னேன் இல்லையா, ஒற்றைப்படையாக எடுத்தால் மூட்டு மேல் மூட்டு வந்துவிடும், அந்த இடம்தான் முதலில் அறும்.

எவ்வளவு தொங்கலாம்

துணி காயப்போடும் கொடி நினைவிருக்கட்டும். பெல்ட்டின் கீழ்ப்பக்கம், மோட்டார் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றிக் கீழே இறங்கிய உடனே, கொடி மாதிரி ஒரு தொங்கல் விழ வேண்டும். முதல் உருளை ஷாஃப்ட்டிலிருந்து 230 முதல் 450 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் பெல்ட் ஸ்ப்ராக்கெட்டைப் பாதி வட்டத்துக்கு நன்றாகக் கட்டிப் பிடிக்கும். அதற்கப்புறம் உருளைகளை 900 முதல் 1200 மில்லிமீட்டருக்கு ஒன்று என்று வைத்து, நடுவில் 50 முதல் 150 மில்லிமீட்டர் வரை தொங்க விடுங்கள்.

வெறும் தொங்கல் எப்படிப் பல்லைப் பிடித்து வைக்கும் என்று கேட்பீர்கள். அந்தத் தொங்கலின் எடைதான் பின்னாலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டே இருக்கிறது. கணக்கு சின்னது: ஒரு மீட்டர் நீளத்தின் எடையை, உருளை இடைவெளியின் வர்க்கத்தால் பெருக்கி, தொங்கலின் எட்டு மடங்கால் வகுத்தால் இழுவிசை வரும். மீட்டருக்கு ஐந்து கிலோ எடையுள்ள பெல்ட், ஒரு மீட்டர் இடைவெளி, 100 மில்லிமீட்டர் தொங்கல் என்றால் ஆறு கிலோ சொச்சம். தொங்கலை 50 ஆக்கினால் பன்னிரண்டரை. என்னைப் போல் ஆர்வக்கோளாறில் 10 மில்லிமீட்டர் வரை இழுத்து இறுக்கினால் 62 கிலோ, அதைத் தாண்டி முறுக்கினால் நூறுக்கு மேல். அது இருபத்துநாலு மணி நேரமும் ஷாஃப்ட்டையும் பேரிங்கையும் பின்னையும் சும்மா இழுத்துக்கொண்டிருக்கும், அதனால் ஒரு ரொட்டிகூடக் கூடுதலாக நகராது.

பின்பக்கத்தில் இறுக்கும் போல்ட் இருந்தால் அது எதற்கு என்று கேட்கலாம். ஷாஃப்ட்டை நேர்ப்படுத்த, பெல்ட்டைக் கழற்றும்போது தளர்த்திக்கொள்ள, அவ்வளவுதான். நான் ஒரு இடத்தில் அந்த போல்ட்டின் தலையில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டு வைத்துவிட்டேன், இரவு ஷிப்டில் யாராவது புண்ணியவான் திருகினால் காலையில் கோடு விலகியிருப்பது தெரிந்துவிடும்.

குளிர் அறைக்குள் போகும் பெல்ட்டுக்கு இந்தத் தொங்கல் இன்னும் முக்கியம். பத்து மீட்டர் பாலிஎத்திலீன் பெல்ட்டை 30 டிகிரியில் மாட்டிவிட்டு மைனஸ் 18க்குக் கொண்டுபோனால் பல சென்டிமீட்டர் சுருங்கும். வெளியே மாட்டும்போதே கச்சிதமாக இருந்தால் உள்ளே போனதும் ஷாஃப்ட்டைத் தின்றுவிடும்.

முதல் ஓட்டம்

எடுத்த எடுப்பில் முழு வேகம் வேண்டாம். விட்டு விட்டுப் பட்டனை அமுக்கி ஒரு முழுச் சுற்று வரட்டும், ஒருவர் மேலே பார்க்க, ஒருவர் கீழே பார்க்க. அப்புறம் காலியாக அரை மணி நேரம். அப்புறம்தான் சாமான். வேகம் சரியா என்று பார்க்க மீட்டர் எதுவும் வேண்டாம்: நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நாலு 'போல்' (காந்த முனை) மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1450 சுற்று, கியர்பாக்ஸ் ஐம்பதுக்கு ஒன்று என்றால் ஷாஃப்ட் 29 சுற்று, ஸ்ப்ராக்கெட்டில் 16 பல், பல்லுக்கு 25.4 மில்லிமீட்டர், ஆக நிமிடத்துக்கு 11.8 மீட்டர். சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக் கைக்கடிகாரத்தில் பிடித்துப் பாருங்கள், பொருந்த வேண்டும்.

முதல் சில நாளில் பெல்ட் கொஞ்சம் நீண்ட மாதிரி தெரியும். பயப்படாதீர்கள், பின் தன் இடத்தில் உட்காருகிறது. தொங்கல் எல்லை மீறினால் இரண்டு வரிசை எடுத்துவிடுங்கள்.

காது கொடுத்துக் கேளுங்கள்

பராமரிப்பு என்று பெரிதாக அட்டவணை போட்டு ஃபைலில் வைப்பதைவிட, காலையில் லைன் கிளம்பும்போது ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்று கேட்பது மேல். 'டக்' சத்தம் ஷாஃப்ட் சுற்றுக்கு ஒருமுறை வந்தால் கோளாறு ஸ்ப்ராக்கெட்டில், ஒரு பல் உடைந்திருக்கும் அல்லது பல்லிடுக்கில் மாவு காய்ந்து கல்லாகியிருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறைதான் வருகிறது என்றால் பெல்ட் ஒரு முழுச் சுற்றுக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள், இரண்டும் ஒத்துப்போனால் கோளாறு பெல்ட்டில் ஒரே ஒரு இடத்தில், உடைந்த துண்டோ நீட்டின பின்னோ இருக்கிறது. சாக்பீஸ் குறி வைத்து நிறுத்தினால் பத்து நிமிட வேலை. இடைவிடாமல் உரசுகிற சத்தம் என்றால் ஓரம் சட்டத்தில் தேய்கிறது, அடியில் தூள் கொட்டியிருக்கும், தூளின் நிறமே எது தேய்கிறது என்று சொல்லிவிடும்.

உடைந்த துண்டை மாற்ற முழுப் பெல்ட்டையும் இறக்க வேண்டாம். நாலங்குல ஆணி ஒன்றின் கூர்முனையைக் கிரைண்டரில் தேய்த்துத் தட்டையாக்கி என் டூல் பெட்டியில் வைத்திருக்கிறேன், பின்னைவிட மெல்லிசாக இருக்க வேண்டும். பூட்டை விடுவித்துவிட்டு, அந்த ஆணியை எதிர்ப்பக்க ஓட்டையில் வைத்து மெல்லத் தட்டினால் பின் ஒரு விரல்கடை வெளியே வரும், அப்புறம் பிளையரால் பிடித்துத் திருகித் திருகி இழுக்க வேண்டியதுதான். வெளியே வந்த பழைய பின்னைத் துடைத்துவிட்டு இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருவிப் பாருங்கள். புதுப் பின் மூங்கில் குச்சி மாதிரி வழவழவென்று போகும். தேய்ந்த பின்னில் மூட்டுக்கு மூட்டு பள்ளமும் மேடுமாக விரலில் தட்டும், கண்ணுக்கு நேரே பிடித்தால் கிராங்க் ஷாஃப்ட் மாதிரி வளைந்து நெளிந்து தெரியும். அந்தப் பின்னைத் திரும்பப் போடாதீர்கள், இரண்டு வெள்ளியை (ரிங்கிட்) மிச்சம் பிடிக்கப் போய் புதுத் துண்டின் துளையைக் கெடுப்பீர்கள்.

பின்னுக்கும் மூட்டுக்கும் எண்ணெய் விடும் பழக்கமும் ஆலையிலிருந்து வந்ததுதான். மாவு பறக்கும் இடத்தில் எண்ணெய் விட்டால் பசைதான் மிச்சம், உள்ளே போய்ப் பின்னை அரம் மாதிரி அராவும். பேரிங்குக்கு மட்டும் உணவு ஃபேக்டரிக்கான கிரீஸ், பெல்ட்டுக்கு ஒன்றும் வேண்டாம்.

கழுவுவது

மாவு ஒட்டின பெல்ட்டில் முதலில் சுடுதண்ணீர் அடித்தால் அது வெந்து கஞ்சியாகி மூட்டுக்குள் ஒட்டிக்கொள்ளும், வீட்டுப் பாத்திரம் கழுவுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மீன், கோழிக்கும் அதேதான், இரத்தமும் கொழுப்பும் சூட்டில் வெந்து படியும். முதலில் கையால் வழித்து அள்ளுங்கள், பிறகு பச்சைத் தண்ணீர், பிறகு நுரை மருந்து போட்டுப் பத்து நிமிடம் விட்டு, வெதுவெதுப்பான தண்ணீர். பிரஷரை முழுசாக ஏற்றிக் குழாய் மூக்கைப் பெல்ட்டை ஒட்ட வைத்து அடித்தால் அழுக்கு வெளியே வராது, மூட்டுக்குள்ளும் பேரிங்குக்குள்ளும் போய் உட்காரும். மேல் பக்கம் பளபளவென்று இருக்கும், ஸ்ப்ராக்கெட்டுக்கு அடியில் டார்ச் அடித்தால் போன வாரத்து மாவு பூஞ்சை பிடித்திருக்கும். வாரத்துக்கு ஒருமுறை பெல்ட்டைப் பிரித்துத் தூக்கி அடியில் கழுவ வேண்டும், அதற்கு ஏற்ற மாதிரி எளிதாகப் பின் எடுக்கும் வரிசை ஒன்றுக்கு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

குளோரினைக் குறிப்பில் போட்ட அளவுக்குக் கலக்குங்கள். 'நன்றாகச் சாகட்டும்' என்று போத்தலை அப்படியே கவிழ்த்த இடத்தில் அசெட்டல் பெல்ட் சில மாதத்தில் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்து, நகத்தால் கீறினால் பொடி உதிர்ந்தது.

கூடவே ஒன்று, இதைச் சொல்லாமல் விட முடியாது. பெல்ட் மாட்டியிருக்கும்போது பக்கத்தில் வெல்டிங்கும் கிரைண்டிங்கும் வேண்டாம். இந்தப் பிளாஸ்டிக் எல்லாமே எரியும். அசெட்டல் எரியும்போது சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது, வரும் புகையில் ஃபார்மால்டிஹைடு இருக்கும், கண்ணும் தொண்டையும் எரியும். சட்டத்தில் ஒட்டு விட்டுப்போயிருந்தால் பெல்ட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுப் பற்றவையுங்கள், அலுப்புப் பார்க்காதீர்கள்.

எப்போது மாற்றுவது

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளக்க வேண்டும். பெல்ட்டை இழுத்து வைத்து இருபது வரிசையை அளங்கள். 25.4 மில்லிமீட்டர் பெல்ட்டானால் புதிதில் 508 இருக்கும். 523ஐத் தொட்டால் மூன்று சதவிகிதம் நீண்டுவிட்டது, அதன் பிறகு பல்லும் பெல்ட்டும் பொருந்தாது, பல் மேல் ஏறிக் குதிக்க ஆரம்பிக்கும். குதிக்கிறதே என்று இறுக்கப் போவீர்கள், அங்கேதான் பழைய குணம் தலை காட்டும். மாட்டிய நாளிலேயே அளந்து சட்டத்தின் உட்பக்கம் பெயிண்டில் எழுதிவிடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதற்குக் கீழே அடுத்த எண்ணை எழுதுங்கள். பெல்ட் மாற்றும்போது ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். கொக்கி மாதிரி வளைந்து தேய்ந்த பல்லில் புதுப் பெல்ட்டைப் போடுவது, வழுக்கை டயருக்குப் புது டியூப் போடுகிற கதை.

ஆர்டர் செய்யும்போது துண்டின் அடியில் அச்சில் வார்த்திருக்கும் எண்ணைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கம்பெனிப் பெல்ட் ஒன்றோடொன்று சேராது. கையிருப்பில் ஒரு மீட்டர் பெல்ட், ஒரு கட்டுப் பின், ஒரு ஷாஃப்ட்டுக்கான ஸ்ப்ராக்கெட் வைத்திருங்கள். சீனப் பெருநாளோ நோன்புப் பெருநாளோ நெருங்கும்போது ஒடிந்தால் புக்கிட் மெர்தாஜாம் கடையெல்லாம் ஏறி இறங்கினாலும் கிடைக்காது, நான் ஏறி இறங்கியிருக்கிறேன்.

கழற்றின பழைய பெல்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். எங்கள் வீட்டுக் குளியலறை வாசலில் ஒரு மீட்டர் கிடக்கிறது, தண்ணீர் நிற்காது, வழுக்காது. மீதியை மாமா தன் ஆட்டுக் கொட்டகைத் தரையில் போட்டிருக்கிறார், புழுக்கை இடுக்கு வழியாகக் கீழே விழுந்துவிடுகிறதாம்.